கிளட்ச் மாற்றிய வகையில்

ஜூலை 3, புதன்

உரக்கடையில் கொடுத்த டைரி ஆறு மாதமாகப் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்போல இருந்ததால் எடுத்தேன். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு இந்த வீட்டில் நானும் இரண்டு ஆடுகளும்தான். ஆடுகளுக்குக் காரைப் பற்றி அக்கறை கிடையாது.

கார் இன்று பட்டறையிலிருந்து வந்துவிட்டது. மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், போன லீவில் வந்தபோது வாங்கிய கார். நாற்பது நாள் ஓட்டினார், தார்ப்பாயைப் போர்த்தினார், குவைத்துக்கு விமானம் ஏறினார். மூன்று வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது. அங்கே அவர் ஒரு வீட்டில் டிரைவர். பதினேழு வருஷமாக யார் யாரையோ ஏற்றிக்கொண்டு திரிகிறார். "என் வண்டிய நான் வந்துதான் ஓட்டுவேன், யார்கிட்டயும் குடுக்காத" என்று உத்தரவு. சனிக்கிழமைதோறும் சாவியைத் திருப்பிக் கொஞ்ச நேரம் உறும விட்டு அணைப்பது என் வேலை.

கொழுந்தன் சிதம்பரம் மகளுக்குக் காதுகுத்து என்பதால் பெரிய மனது பண்ணி எடுத்துக்கச் சொன்னார். ஸ்டார்ட் ஆனது. கியரில் விழவே மாட்டேன் என்றது. கயிறு கட்டிப் பேராவூரணி கடைத்தெரு வழியாகப் பட்டறைக்கு இழுத்துப்போனார்கள். நாங்கள் வேனில் காதுகுத்துக்குப் போனோம். "கார்க்காரி வேன்ல வந்து எறங்குறா" என்று ஒருத்தி சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

பட்டறை அமலதாஸ் அண்ணன் பில் எழுதும் அழகே தனி. தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதுவார். "கிளட்ச் மாத்திய வகையில் 9200." அவ்வளவுதான். தாளைத் திருப்பினால் என் ராசிக்கு 'விரயம்' என்று போட்டிருக்கிறது. காலண்டர்காரனாவது உண்மையைச் சொல்கிறான்.

மச்சான் எட்டு மணிக்குக் கூப்பிட்டார். எங்கள் பேச்சு எப்போதும் ஒன்றுதான். சாப்பிட்டியா. சாப்பிட்டேன், நீங்க? ம். வேற? வேற என்ன. சரி வச்சிரவா. இன்றைக்கு "வேற?" வந்த இடத்தில் பில் தொகையைச் சொன்னேன்.

"எவ்வளவு?" என்றார். கட்டில் கிரீச்சிட்டது எனக்கே கேட்டது. எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

ஜூலை 4, வியாழன்

மத்தியானமே கூப்பிட்டார். மேடம் கடைக்குள் போயிருக்கிறாராம், இவர் காரில் காத்திருக்கிறாராம். மத்தியானத்தில் அவர் கூப்பிட்டு எந்தக் காலமோ ஆயிற்று. யாருக்கு என்னவோ ஏதோ என்று பதறி எடுத்தேன்.

கிளட்ச் பிளேட் மட்டும் மாற்றினால் பாதிப் பணம்தான் வருமாம். இந்தத் தொகை என்றால் அமலதாஸ் அண்ணன் பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் சேர்த்துச் செட்டாக மாற்றியிருக்க வேண்டும், அது தேவையில்லை என்கிறார் மச்சான்.

"பழைய சாமானை வாங்கினியா?"

"அத எதுக்கு வாங்கணும்?"

"அடிப்பாவி. மாத்துன சாமானைக் கையோட வாங்கிட்டு வரணும்டி. இல்லாட்டி மாத்துனானா, தொடைச்சு மாட்டுனானான்னு எப்படித் தெரியும்? ஊருக்கே தெரிஞ்ச விஷயம் உனக்குத் தெரியல."

திட்டுதான். ஆனாலும் வைத்த பிறகு பார்த்தால் போன் காதில் சுட்டது. சாதம் குழைந்தே போய்விட்டது.

ஜூலை 6, சனி

சாக்கோடு பட்டறைக்குப் போனேன். அமலதாஸ் அண்ணன் ஒரு வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தார். மனிதர்களைவிட வண்டிகளிடம்தான் அதிகம் பேசுவார். அவர் மனைவி லூர்து அக்கா மூலையில் கிடந்த சாமான்களை எடுத்துச் சாக்கில் போட்டுத் தந்தார்.

"நீலகண்டனுக்குச் சந்தேகமாக்கும்" என்று மச்சானைக் குத்தினார் அண்ணன், வெளியே வராமலே.

"ச்சே, அதெல்லாம் இல்லண்ணே. சும்மா பாக்கணும்னாரு."

தவழ்ந்து வெளியே வந்தார். துருப்பிடித்த பெரிய தட்டைத் தூக்கி என் முன் வைத்தார். பேரிங்கை என் கையிலேயே கொடுத்துச் சுற்றச் சொன்னார். கரகரவென்று அரைத்தது.

"இத மறுபடி மாட்டுனா ரெண்டு மாசத்துல ஊளையிடும். திரும்ப கியர்பாக்ஸ இறக்கணும், திரும்ப கூலி. அதான் உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்ல தங்கச்சி, செட்டா மாத்திரவா, பிளேட்டு மட்டுமான்னு?"

கேட்டார்தான். அன்றைக்குத் தென்னந்தோப்பில் காய் இறக்கிக்கொண்டிருந்தோம். "நல்லதாப் பாத்து மாத்துங்கண்ணே" என்று நான்தான் சொன்னேன். சுத்தமாக மறந்துபோயிருந்தது.

வண்டி ஓடாமல் நின்றதால் பிளேட் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதாம். "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணையில கிளட்சை ரெண்டு மிதி மிதிச்சிருந்தா ஒட்டியே இருக்காது. இது யாரு சொல்லிக்குடுத்த ஸ்டார்ட்டு?" என்று கேட்டார். நான் பேரிங்கைச் சாக்கில் போட்டேன். சொல்லிக்கொடுத்தவரைத்தான் அவருக்குத் தெரியுமே.

(அன்று தோப்பில் இறக்கியது ஐந்தாறு வருஷத்துக்கு முன் அடித்த புயலில் தப்பிய பழைய மரங்களில் மட்டும் இல்லை. புதுக் கன்றுகளிலும்தான். மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்கான பேச்சு வரவில்லை.)

மத்தியானம் கூப்பிட்டு "என்ன சொன்னான்?" என்றார்.

"சாமான் வாங்கிட்டு வந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களே பாருங்க" என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

வீடியோவெல்லாம் மகள் வந்திருக்கும்போதுதான். எங்களுக்குள் வைத்துக்கொள்ள வெட்கம். இன்றைக்குச் சாமானைப் பார்க்கவேண்டுமே என்று வைத்தோம்.

தட்டைத் தூக்கிப் பிடித்தேன். கனமான கனம்.

"வெளிச்சத்துக்கு வா. திருப்பு. இன்னும் கொஞ்சம். ஏய், தட்ட இறக்கு."

"ஏன், தெரியலையா?"

"தட்டுத் தெரியுது. நீ தெரியல."

இறக்கினேன். போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு, "நரைச்சிருச்சே உனக்கு" என்றார்.

"உங்களுக்கு மட்டும் என்ன வாழுதாம்? நரைக்கக்கூட அங்க ஒண்ணும் மிச்சமில்ல" என்றேன்.

சிரித்தார். அந்தச் சிரிப்பில் மேல்வரிசைப் பல் ஒன்று இல்லை. எப்போது போயிற்று என்று கேட்டேன். போன வருஷமாம். என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு பல் போனதுகூடத் தெரியாமல் ஒரு வருஷமாகச் சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறேன்.

தட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "இதுல சரியாத் தெரியல, நாளைக்குப் பாப்போம்" என்றார்.

ஜூலை 8, திங்கள்

பேசினோம். பேரிங்கைப் பற்றி.

ஜூலை 11, வியாழன்

பேரிங் விவகாரம் தீர்ந்துபோகும்போல் இருந்தது. "சரி விடு, வயசான மனுஷன், போனாப் போவுது" என்று இறங்கி வந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, "கியர் ஆயிலுக்கும் சேத்துப் போட்டிருப்பாரோ?" என்று கேட்டுவிட்டேன். மறுபடி சூடு பிடித்துக்கொண்டது. ஆயில் எத்தனை லிட்டர், பழைய ஆயில் என்ன நிறம் என்று ஆரம்பித்தவர், குவைத்துக்குப் போன புதிதில் பாலைவனத்து ரோட்டில் வண்டி நின்றுபோய், ஒட்டகம் மேய்க்கிற ஆள் வந்து தண்ணீர் கொடுத்த கதைக்குப் போய்விட்டார். இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. அந்த ஆளும் நம்ம பக்கத்து ஆள்தானாம், புதுக்கோட்டைக்காரராம். இரண்டு பேரும் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதார்களாம்.

நான், புயலன்று கொட்டகைக் கூரை பறந்தபோது ஆடுகளைக் கட்டிலுக்கு அடியில் கட்டிப்போட்டு விடிய விடிய அதுகளோடு பேசிக்கொண்டிருந்ததைச் சொன்னேன்.

"என்னடி பேசுன?"

"உங்களத் திட்டுனேன். அதுங்க ஆமா ஆமான்னுச்சு."

கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படிப் பேசியதில்லை. நான் பச்சைச் சேலை கட்டியிருந்ததை வீடியோவில் பார்த்து "எங்க கெளம்பிட்ட?" என்றார். கோயிலுக்கு என்றேன். கோயில் பக்கம் போகவில்லை.

ஜூலை 13, சனி

காரை ஸ்டார்ட் பண்ணினேன். கிளட்சையும் மிதித்தேன். இத்தனை நாள் நான் தொடக்கூடாது என்று மச்சான் சொன்ன பொருளை மிதிப்பதில் ஒரு திருப்தி.

அமலதாஸ் அண்ணன் பேரில் தப்பில்லை என்று நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

மச்சானுக்கு லேசாகத் தலைவலி. இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

மச்சான் சிதம்பரத்திடமும் இந்தப் பில் கதையைச் சொல்லியிருக்கிறார். அவன் ஏற்கெனவே காதுகுத்துக்குக் கார் கிடைக்காத கடுப்பில் இருந்தவன். வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. காலையில் பட்டறைக்குப் போய், வண்டி விட வந்த நாலு பேர் முன்னால், "எங்கண்ணன் வெயில்ல காஞ்சு அனுப்புற காசு, ஒத்தப் பொம்பளதானேன்னு ஏமாத்திப் பிடுங்குறியா" என்று கத்தியிருக்கிறான். வந்தவர்களில் இரண்டு பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்களாம். லூர்து அக்கா என்னைக் கடைத்தெருவில் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். அந்த அக்கா என் மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவர்.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 17, புதன். ஆடி முதல் தேதி

ஆடி பிறந்தால் புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு மாதம் பிரித்து வைப்பார்கள். எதிர்வீட்டுப் புதுப் பெண் மூக்கைச் சிந்திக்கொண்டே அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எனக்குப் பதினேழு வருஷமாக ஆடிதான் நடக்கிறது.

பத்து மணிக்கு அமலதாஸ் அண்ணன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் கொடுத்த பணம் முழுவதையும் மேஜையில் வைத்தார்.

"பழைய சாமான் உங்ககிட்டதானே இருக்கு? குடுங்க தங்கச்சி. வண்டிய எடுத்துட்டுப் போயி அதையே திரும்ப மாட்டித் தந்துர்றேன். கூலி வேணாம். முப்பது வருஷமா பட்டறை வச்சிருக்கேன், திருடன்னு இதுவரைக்கும் பேர் வாங்குனதில்ல."

"அண்ணே, நீங்க என்னையக் கேட்டுத்தானே…"

"கேட்டேன். அத நீங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னீங்களா?"

பணத்தை அவர் கையில் திணித்தேன். சாமானைக் கொடுக்கவில்லை. சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் மச்சான் கூப்பிட்டதும் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஒரே குஷி.

"பாத்தியா, பயந்துட்டான்! மாட்டச் சொல்லு. காசும் மிச்சம்."

"மச்சான், அவர் மேல தப்பில்ல."

"என்ன?"

"அன்னைக்கே எனக்குப் போன் பண்ணிக் கேட்டாரு. நான்தான் செட்டா மாத்தச் சொன்னேன். பேரிங்கக் கையில சுத்திப் பாத்தேன், கரகரன்னுச்சு. சாக்குல வாங்கிட்டு வந்த அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க 'சரி வச்சிரவா'ம்பீங்க."

அந்தப் பக்கம் கார் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "மேடம் வர்றாங்க" என்றார். வைத்துவிட்டார்.

சாயங்காலம் அமலதாஸ் அண்ணனுக்காகக் காத்திருக்கவில்லை. நானே பட்டறைக்குப் போனேன். சிதம்பரத்தையும் கையோடு இழுத்துப்போனேன். ஆட்கள் இருந்த நேரம்தான், வேண்டுமென்றே அந்த நேரத்தில்தான் போனேன். "இவர் என்னையக் கேட்டுத்தான் மாத்துனாரு. வாங்குன காசு ஞாயமான காசு. தப்பு என் பேர்ல" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். சிதம்பரம் தலையைத் தொங்கப்போட்டு, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றான். அமலதாஸ் அண்ணன் வேனுக்கு அடியில் போய்விட்டார். உள்ளேயிருந்து, "டீ சொல்லு லூர்து, மூணு" என்று மட்டும் குரல் வந்தது.

ஜூலை 18, வியாழன்

கூப்பிடவில்லை.

ஜூலை 20, சனி

எட்டு மணிக்குக் கூப்பிட்டார். சாப்பிட்டியா. சாப்பிட்டேன். சரி வச்சிரவா. 'வேற?'கூட இல்லை.

ஜூலை 24, புதன்

தோப்பில் களை எடுத்தார்கள். புதுக் கன்றுகளில் பாளை பாளையாக விட்டிருக்கிறது. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள். புயலுக்கு அடுத்த மாதம்தான் மச்சான் குவைத் வேலையை முடித்துக்கொண்டு வருவதாக இருந்தது. தோப்பு விழுந்தது, வரவில்லை. "கன்னு காய்க்கட்டும் தவமணி, வந்துர்றேன்" என்றார். காய்த்துவிட்டது. தை மாதமே காய்த்துவிட்டது. நான் சொல்லி, அதற்கு அவர் "பாப்போம்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் நான் எதற்காகக் காத்திருப்பது? அதனால்தான் சொல்லவில்லை. சொல்லாதவரைக்கும் அவர் வருகிறவர்தானே.

எனக்கு அவர் வேண்டும். அவ்வளவுதான். பணம், தோப்பு, கார் எதுவும் வேண்டாம்.

ஜூலை 26, வெள்ளி

அவருக்கு லீவு நாள். காலையிலேயே கூப்பிட்டார். வீடியோவில். சவரம் பண்ணியிருந்தார்.

"நா ஒண்ணு கேக்குறேன். ஸ்டார்ட் பண்ணையில கிளட்ச மிதிக்கணும்னு நான் உனக்குச் சொன்னேனா இல்லையா?"

"இல்ல."

"என்னதான் சொன்னேன்?"

"சாவியத் திருப்பு, வேற எதையும் தொடாதன்னீங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப தப்பு என் பேர்லதான். அமலதாஸ் ஒன்கிட்டச் சொன்னானா?" சொன்னார் என்றேன். "அதையும் என்கிட்டச் சொல்லல நீ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு, "புதுக் கன்னுல காய் எறக்கினியா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"சிதம்பரம் தையிலயே போட்டோ அனுப்புனான்."

"தெரிஞ்சுமா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, எப்ப வர்றீங்கன்னு கேப்ப."

போனைத் தூக்கி எறியலாம்போல வந்தது. ஆறு மாதம்! எனக்குப் பயந்துகொண்டு அவரும், அவருக்குப் பயந்துகொண்டு நானும் சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். "வர இஷ்டமில்லன்னா நேராச் சொல்லிர வேண்டியதுதானே" என்று கத்தினேன். ஆடுகள்கூட எட்டிப் பார்த்தன.

"இஷ்டமில்லாம இல்ல தவம்." ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் தவம் என்றார். "போன லீவு நெனப்பிருக்கா? மூணாம் நாளே பேச்சு தீந்துபோச்சு. நீ அடுப்படில, நான் கொட்டகையில கார்ல ஏசியப் போட்டு உக்காந்திருந்தேன். எனக்குக் கார்ல உக்காந்து காத்திருக்கத்தான் தெரியுது. வீட்டுல எப்படி இருக்கறதுன்னு மறந்துபோச்சு. முடிச்சுட்டு வந்தா, மிச்சக் காலம் பூரா அப்படியே உக்காந்துருவமோன்னு பயம்."

நான் அப்போது நினைத்ததே வேறு. பெண்டாட்டியைவிட அவருக்குக் கார்தான் உசத்தி என்று நினைத்திருந்தேன்.

"காப்பி எடுத்துட்டுக் கொட்டகைக்கு வந்தேன் ஒரு நாளு. கண்ணாடி ஏத்தியிருந்தீங்க. திரும்பிப் போயிட்டேன்" என்றேன்.

"தட்டியிருக்கலாம்ல."

"நீங்க எறக்கியிருக்கலாம்ல."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அங்கே வேர்வை அதிகம் என்றார்.

"அந்தப் பழைய தட்டு எங்க?"

"சாக்குல கெடக்கு."

"பழைய இரும்புக்குப் போட்டுறாத. போன்ல பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. கையில எடுத்துப் பாக்கணும்."

"அதான் தப்பில்லன்னு சொல்லிட்டேனே!"

"நீ சொல்லிட்டா ஆச்சா? நான் பதினேழு வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறவன். என் கண்ணால பாக்காம ஒத்துக்க மாட்டேன். அமலதாஸுகிட்ட நேருக்கு நேர் பேசிட்டு, என் பேர்ல தப்பிருந்தா கால்ல விழுறேன்."

"எப்பப் பாப்பீங்க?"

"தீவாளிக்கு முன்னாடி."

"லீவுலயா?"

"முடிச்சுட்டு வர்றேன். டிக்கெட்டு ஒரு வழிக்குத்தான் போடப் போறேன். போதுமா?"

தலையை ஆட்டினேன். சரி வச்சிரவா என்று அவர் கேட்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவர் அங்கே சோறு வடித்தார், நான் இங்கே வெங்காயம் உரித்தேன். உப்பு அதிகம் போடுகிறார், சொன்னால் கேட்பதில்லை.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

தாலிக்கயிறு மாற்றினேன். லூர்து அக்காவுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினேன், பாத்திரத்தைக் காலியாகத் திருப்பாமல் மீன் ஊறுகாய் வைத்து அனுப்பியிருக்கிறார். கோபம் தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன். அமலதாஸ் அண்ணன்தான் இனி காரை வாராவாரம் ஓட்டிப் பார்ப்பார். ஓடாமல் போட்டால் புது பிளேட்டும் ஒட்டிக்கொள்ளுமாம். மச்சானே அவருக்குப் போன் பண்ணி ஓட்டச் சொல்லிவிட்டார். இன்று காலை நான் முன் சீட்டில் உட்கார, மல்லிப்பட்டினம் கடல் வரைக்கும் போய்வந்தோம். பின் சீட்டில் லூர்து அக்கா ஜெபமாலையோடு வந்தார். கணவர் வண்டி ஓட்டுவதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மத்தியானம் பழைய இரும்புக்காரன் தெருவில் கூவிக்கொண்டு வந்தான். வழக்கமாக வருகிறவன்தான். கதவோரம் இருந்த சாக்கைப் பார்த்துவிட்டான். நான் அந்தத் தட்டைத் துடைத்து, எண்ணெய் போட்டு வைத்திருந்தேன்.

"நல்ல கனம் இருக்கும்போலயே அக்கா. கூடப் போட்டுத் தர்றேன். பேரீச்சம்பழம் வேணுமா, காசு வேணுமா?"

"ரெண்டும் வேணாம். அத ஒருத்தர் வந்து பாக்கணும்" என்று சொல்லிச் சாக்கை வீட்டுக்குள் எடுத்து வைத்தேன்.